அந்தரங்கத் தோலில் பழுப்புப் பருக்கள்: போவனாய்டு பாப்புலோசிஸ் என்றால் என்ன?

பயாப்ஸி அறிக்கை கைக்கு வருகிறது. நடுவில் ஒரு வரி: ‘ஸ்குவாமஸ் செல் கார்சினோமா இன் சிட்டு’. கார்சினோமா என்றால் புற்றுநோய் என்று பலருக்கும் தெரியும். படித்ததும் பாதி உயிர் போய்விடும். அதே அறிக்கையின் அடியில் இன்னொரு வரி இருக்கும்: ‘போவனாய்டு பாப்புலோசிஸாக இருக்கலாம், நோயாளியை நேரில் பார்த்து முடிவு செய்யவும்’. இந்த இரண்டும் எப்படி ஒரே தாளில் வருகின்றன என்பது பிடிபட்டால், இந்த நோய் முக்கால்வாசி புரிந்த மாதிரி.

பிறப்புறுப்பிலும் அதைச் சுற்றியுள்ள தோலிலும் வரும் சிறு பருக்கள்தான் போவனாய்டு பாப்புலோசிஸ். ஆண், பெண் இருவருக்கும் வரும். பெரும்பாலும் 20 முதல் 40 வயதுக்குள். காரணம் எச்.பி.வி எனப்படும் வைரஸ். அதிலும் பெரும்பாலும் அதன் 16ஆம் வகை. கண்ணால் பார்த்தால் மரு. மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் புற்றுநோயின் முதல் படி. ஆனால் நடந்துகொள்ளும் விதத்தில் பெரும்பாலும் சாது. இந்த மூன்றில் ஒன்றை மட்டும் நம்பி மற்ற இரண்டை மறந்தால் தவறு நடக்கிறது. மரு என்று நினைத்துச் சுட்டுவிட்டு மறந்துபோவது ஒரு தவறு. புற்றுநோய் என்று பயந்து தேவையில்லாமல் வெட்டி எடுப்பது இன்னொரு தவறு.

‘ஸ்குவாமஸ் செல்’ என்பது தோலின் மேலடுக்குச் செல். ‘இன் சிட்டு’ என்றால் ‘இருந்த இடத்திலேயே’ என்று பொருள். நம் தோலின் மேலடுக்குக்கும் உள்ளடுக்குக்கும் நடுவே அடித்தளச் சவ்வு என்று ஒரு மெல்லிய தடுப்பு இருக்கிறது. ரத்தக் குழாய்களும் நிணநீர்க் குழாய்களும் அதற்குக் கீழேதான். கெட்டுப்போன செல்கள் மேலடுக்கு முழுக்க நிறைந்திருந்தாலும், அந்தத் தடுப்பைத் தாண்டாத வரை உடலின் வேறு இடத்துக்குப் பரவ வழியே இல்லை. வயல் முழுக்கக் களை, ஆனால் வரப்பைத் தாண்டவில்லை. அதனால்தான் இதைப் ‘புற்றுநோய்க்கு முந்தைய நிலை’ என்கிறோம்.

பெயரில் உள்ள போவன், அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்துத் தோல் மருத்துவர் ஜான் டெம்பிள்டன் போவன். 1912இல் அவர் விவரித்த போவன் நோய் வயதானவர்களுக்கு, பெரும்பாலும் ஒற்றைத் திட்டாக, மெல்ல மெல்ல வளர்வது. 1970களில் இளம் வயதினரின் பிறப்புறுப்பில் கொத்தாக வந்த பருக்களை வெட்டிப் பார்த்தபோது, உள்ளே போவன் நோயின் அதே தோற்றம். ஆனால் இவை போவன் நோய் போல நடந்துகொள்ளவில்லை. சில தாமாகவே மறைந்தன. 1978இல் வேட், காப்ஃப், ஆக்கர்மன் ஆகிய மூவரும் இதற்குப் ‘போவன் போன்ற பருநோய்’ என்ற பொருளில் இந்தப் பெயரைச் சூட்டினார்கள். புதுப் பெயர் தேவைப்பட்டதே, இளைஞர்களுக்குப் பெரிய அறுவை சிகிச்சை செய்யாமல் காப்பாற்றத்தான். வைரஸ் தொடர்பு பிறகு தெரிந்தது. 1983இல் ஜெர்மனியில் ஹெரால்ட் சுர் ஹவுசனின் குழு எச்.பி.வி 16ஐப் பிரித்தெடுத்தது (அந்தப் பணிக்காக 2008இல் அவருக்கு நோபல் பரிசு). கொஞ்ச காலத்தில் இந்தப் பருக்களுக்குள்ளும் அதே வைரஸ் இருப்பது கண்டுபிடிக்கப்பட்டது.

இன்றைய அறிக்கைகளில் போவனாய்டு பாப்புலோசிஸ் என்ற சொல்லே இல்லாமல் ‘எச்-சில்’ என்று மட்டும் இருக்கலாம். வைரஸால் வரும் உயர்நிலை மாற்றம் என்று அதற்குப் பொருள். பெண்ணுக்கு ‘வின்’, ஆணுக்கு ‘பின்’ என்ற பழைய சுருக்கங்களும் புழக்கத்தில் இருக்கின்றன. வெவ்வேறு பெயர்களைப் பார்த்து வெவ்வேறு நோய் என்று குழம்ப வேண்டாம். ஒரே ஒரு விலக்கு: பெண்களின் அறிக்கையில் ‘டிஃபரன்ஷியேட்டட் வின்’ என்று இருந்தால் அது வேறு கதை. வைரஸுக்கும் அதற்கும் பெரும்பாலும் சம்பந்தமில்லை. வயதான பெண்களுக்கு, நாள்பட்ட வெண்தழும்பு நோயின் (லைக்கன் ஸ்க்லரோசஸ்) மேல் வருவது. வேகமாகப் புற்றுநோயாகக் கூடியது. இந்தக் கட்டுரையில் வரும் ஆறுதல் வார்த்தை எதுவும் அதற்குப் பொருந்தாது.

வைரஸ் உள்ளே என்ன செய்கிறது

எச்.பி.வியில் 200க்கு மேற்பட்ட வகைகள். சாதாரணப் பிறப்புறுப்பு மருக்களில் பத்தில் ஒன்பது, 6 மற்றும் 11ஆம் வகைகளால் வருபவை. அவை புற்றுநோயாக மாறுவது மிக அரிது. 16ஆம் வகை அப்படியல்ல. உடலுறவின்போது தோலில் விழும் கண்ணுக்குத் தெரியாத சிராய்ப்பு வழியாக அது மேலடுக்கின் அடிவரிசைச் செல்லுக்குள் நுழைகிறது. ரத்தத்தில் கலப்பதில்லை, ஆகவே ரத்தப் பரிசோதனையில் இதைக் கண்டுபிடிக்க முடியாது.

ஒவ்வொரு செல்லிலும் கட்டுமீறிய பெருக்கத்தை நிறுத்தும் இரண்டு காவலர்கள் உண்டு: பி53, ஆர்பி. வைரஸ் தயாரிக்கும் இ6 புரதம் பி53ஐச் சிதைக்கிறது; இ7 புரதம் ஆர்பியை மடக்கிப் போடுகிறது. காவல் போன செல் பெருகிக்கொண்டே போகிறது. ஆர்பி முடங்கியதை உணர்ந்த செல், பி16 என்ற இன்னொரு புரதத்தைக் குவிக்கிறது. பயனில்லை, ஆனால் நமக்கு ஒரு தடயம் கிடைக்கிறது. சந்தேகமான பயாப்ஸியில் பி16 சாயம் போட்டுப் பார்த்தால், சாதாரண மருவில் அங்கொன்றும் இங்கொன்றுமாகவும், போவனாய்டில் அடிமுதல் அடர்ந்த பட்டையாகவும் பழுப்பு நிறம் ஏறும்.

இந்த வைரஸ் தொற்றிய பெரும்பாலோருக்கு ஓரிரு ஆண்டுகளில் உடலின் எதிர்ப்புச் சக்தியே அதை அடக்கிவிடும். அடங்காத சிலருக்குத்தான் பரு. எச்.ஐ.வி தொற்று, சிறுநீரக மாற்று சிகிச்சைக்குப் பின் எடுக்கும் மருந்துகள், நீண்டநாள் ஸ்டீராய்டு, புகைப்பழக்கம் எல்லாம் அந்த அடங்காத பக்கத்துக்குத் தள்ளுபவை.

பார்க்க எப்படி இருக்கும்

கடுகளவிலிருந்து கொண்டைக்கடலை அளவு வரை, அதாவது 2 முதல் 10 மி.மீ. தலை தட்டையாக, வழவழப்பாகவோ வெல்வெட் துணி போலவோ இருக்கும். வெள்ளைத் தோலில் சிவப்பு, ஊதா கலந்த பழுப்பு என்று பாடநூல்கள் எழுதும். நம் தோலில் பெரும்பாலும் கரும்பழுப்பு, சில சமயம் கறுப்பு. ஒன்றோடொன்று சேர்ந்து தடிப்பாகவும் ஆகலாம். ஆணுக்கு ஆண்குறித் தண்டிலும் முன்தோலிலும் மொட்டிலும். பெண்ணுக்கு வெளி உதடு, உள் உதடு, தொடை இடுக்கு. இருவருக்கும் ஆசனவாயைச் சுற்றி. பெண்களுக்கு இரு பக்கமும் பரவலாக, கருமை அதிகமாக இருப்பது வழக்கம். வலி கிடையாது. சிலருக்கு லேசான அரிப்பு. பலருக்கு அதுவும் இல்லாததால், மாதக்கணக்கில் மச்சம் என்றே நினைத்துக்கொண்டிருப்பார்கள்.

இந்த இடத்தில் பரு என்றாலே நோய் என்று பயப்படவும் வேண்டாம். ஆண்குறி மொட்டின் விளிம்பில் முத்துமாலை போல வரிசையாக, ஒரே அளவில் இருப்பவை பருவ வயதில் தோன்றும் இயல்பான மேடுகள். மஞ்சள் மணல் தூவியது போல இருப்பவை ஃபோர்டைஸ் புள்ளிகள், எண்ணெய்ச் சுரப்பிகள்தான். நடுவில் குழி விழுந்து முத்துப் போல மின்னினால் பாலுண்ணி. ஈரமாக, சாம்பல் வெண்மையில் தட்டையாக இருந்தால் சிபிலிஸின் இரண்டாம் கட்டமாக இருக்கலாம், வி.டி.ஆர்.எல் ரத்தப் பரிசோதனை செய்யாமல் விடக்கூடாது. காலிஃபிளவர் போலப் பூத்திருந்தால் சாதாரண மரு. இப்படிச் சொல்லிவிட்டாலும், கரும்பழுப்பான தட்டை மருவையும் போவனாய்டையும் அனுபவமுள்ள தோல் மருத்துவரே கண்ணால் பார்த்து மட்டும் சத்தியம் செய்ய மாட்டார். அங்கேதான் பயாப்ஸி வருகிறது.

பயாப்ஸி: ஐந்து நிமிட வேலை, அதில் ஐந்து தவறு

லிக்னோகெய்ன் ஊசி போட்டு மரக்கவைத்து, 3 அல்லது 4 மி.மீ குழல் கத்தியால் ஒரு துணுக்கு எடுப்பார்கள். ஊசி குத்தும்போது சுருக்கென்று இருக்கும், அவ்வளவுதான். ஒரு தையல் போடலாம், போடாமலும் விடலாம். துணுக்கு ஃபார்மலின் பாட்டிலில் ஆய்வகத்துக்குப் போகும்.

தவறு எங்கே நடக்கிறது? முதலாவது, எடுக்கச் சுலபமான சின்னப் பருவில் எடுப்பது. எல்லாவற்றிலும் தடித்ததில், புண்ணானதில், மற்றவற்றிலிருந்து வித்தியாசமாக இருப்பதில்தான் எடுக்க வேண்டும். இரண்டு விதமாக இருந்தால் இரண்டு துணுக்கு. இரண்டாவது, மேலாகச் சீவி எடுப்பது. அடித்தளச் சவ்வு துணுக்கில் இல்லையென்றால், களை வரப்பைத் தாண்டியதா என்ற ஒரே முக்கியமான கேள்விக்கே பதில் கிடைக்காது. மூன்றாவது, பயாப்ஸி எடுக்காமலே சுட்டுவிடுவது. சாம்பலை ஆய்வகத்துக்கு அனுப்ப முடியாது.

நான்காவது பலருக்கும் தெரியாதது. மருவுக்குப் பூசும் போடோஃபிலின் மருந்து, செல் பிரிவதைப் பாதியில் நிறுத்திவிடும். அதைப் பூசிய சில நாட்களுக்குள் பயாப்ஸி எடுத்தால், பாதியில் நின்ற செல்கள் கூட்டமாகத் தெரியும். சாதாரண மருவே போவனாய்டு போல வேஷம் போடும். என்ன பூசினீர்கள், எப்போது பூசினீர்கள் என்று மருத்துவரிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள், நாட்டு மருந்தாக இருந்தாலும். ஐந்தாவது, ஆய்வகத்துக்குப் போகும் சீட்டில் ‘தோல் துணுக்கு’ என்று மட்டும் எழுதுவது. வயது 27, பல பருக்கள், எந்த இடம், எத்தனை மாதம் என்ற விவரம் இல்லாவிட்டால் மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பவருக்குப் போவன் நோய்க்கும் இதற்கும் வித்தியாசம் சொல்ல வழியில்லை. கட்டுரையின் தொடக்கத்தில் வந்த ‘நேரில் பார்த்து முடிவு செய்யவும்’ என்ற வரி தப்பித்துக்கொள்ளும் பேச்சல்ல; அவருக்குத் தெரிந்ததன் எல்லை அது.

வினிகர் டெஸ்ட் பற்றி ஒரு வார்த்தை. 3 முதல் 5% அசிட்டிக் அமிலத்தை நனைத்து வைத்தால் கெட்ட இடம் வெளுக்கும் என்பது உண்மை. ஆனால் சிராய்ப்பும் பூஞ்சைத் தொற்றும்கூட வெளுக்கும். மருத்துவர் எங்கே வெட்டலாம் என்று குறிபார்க்க உதவும். வீட்டில் சமையலறை வினிகரை எடுத்துச் சோதிப்பது புண்ணில்தான் முடியும்.

சிகிச்சை

ஒரே சரியான சிகிச்சை என்று எதுவும் இல்லை. தோலை அதிகம் கெடுக்காத வழியை முதலில் எடுப்பதே பொதுவான நெறி. எதை எடுத்தாலும் பரு போகும், வைரஸ் சுற்றுத் தோலில் கொஞ்சம் தங்கும். மறுபடி வருவது சகஜம்.

சில பருக்கள்தான் என்றால் திரவ நைட்ரஜனால் உறையவைப்பது, மின்சூட்டுக்கோலால் சுடுவது. நிறைய இருந்தால் கார்பன் டை ஆக்சைடு லேசர். முடி இல்லாத தோலில் சுமார் 1 மி.மீ ஆழம் போதும்; முடியுள்ள இடத்தில் மயிர்க்கால் வழியாகக் கெட்ட செல்கள் கீழே இறங்கியிருக்கக்கூடும் என்பதால் இன்னும் ஆழம் தேவை, தழும்பும் கூடும். லேசர் புகையில் வைரஸ் துகள் இருக்கும். புகை உறிஞ்சியும் என்95 முகக்கவசமும் இல்லாத அறையில் அந்த வேலை நடக்கக்கூடாது. வெட்டி எடுப்பது, ஒற்றைத் தடிப்புக்கும் உள்ளே ஊடுருவியிருக்குமோ என்ற சந்தேகத்துக்கும்.

வீட்டிலேயே பூசும் மருந்துகளில் முதலில் வருவது இமிக்விமாட் 5% கிரீம். இது வைரஸை நேராகக் கொல்வதில்லை. அந்த இடத்துக்கு எதிர்ப்புச் செல்களைக் கூட்டிவருகிறது. ஆஸ்திரியாவில் 110 பெண்களை வைத்து நடந்து, 2022இல் லான்செட் இதழில் வெளியான ஆய்வில், பெண்குறியின் எச்-சில் மாற்றத்துக்கு இந்தக் கிரீம் அறுவை சிகிச்சைக்குச் சளைத்ததல்ல என்று தெரிந்தது: இரண்டு பக்கமும் ஏறத்தாழ 80% பேருக்குக் குணம்.

பூசும் முறையில்தான் பாதி வெற்றி. மருத்துவர் வேறு கணக்குச் சொல்லாவிட்டால் வாரம் 3 இரவு, திங்கள், புதன், வெள்ளி என்று நாள் குறித்துக்கொள்ளுங்கள். கழுவி, ஈரம் ஒற்றி, நன்றாக உலரவிட்டு, பரு மேலும் அதன் ஓரத்திலும் மட்டும் கிரீம் கண்ணுக்குத் தெரியாமல் மறையும் வரை மெல்லத் தேய்க்க வேண்டும். ஒரு பாக்கெட் 250 மி.கி, ஒரு தடவைக்கு அது தாராளம். மேலே கட்டுப் போடக்கூடாது. 6 முதல் 10 மணி நேரம் கழித்து, காலையில் மிதமான சோப்பால் கழுவ வேண்டும். முன்தோலுக்கு அடியில் என்றால் தோலைப் பின்னுக்குத் தள்ளித் தினமும் கழுவாவிட்டால் வீங்கி மாட்டிக்கொள்ளும். கிரீம் இருக்கும்போது உடலுறவு கூடாது. அது ஆணுறையைப் பலவீனமாக்கும். பொதுவாக 12 முதல் 16 வாரம் ஆகும்.

இரண்டாவது, மூன்றாவது வாரத்தில் தோல் சிவந்து எரியும், மேல்தோல் உரியும், சிலருக்கு ஃப்ளூ காய்ச்சல் போல உடம்பு வலிக்கும். மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று பெரும்பாலோர் நிறுத்துவது இந்த நேரத்தில்தான். இது எதிர்பார்த்ததே. தாங்க முடியாவிட்டால் ஒரு வாரம் இடைவெளி விட்டுத் தொடரலாம். விட்ட நாளுக்கும் சேர்த்துக் கூடுதலாகப் பூசுவது மட்டும் வேண்டாம். பெண்களுக்கு வீக்கத்தால் சிறுநீர் கழிக்க முடியாமல் போனால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். கறுத்த தோலில் பூசிய இடம் வெளுத்துப்போவதும் உண்டு, சிலருக்கு அந்த வெண்மை நிலைத்துவிடும். இதை முதலிலேயே கேட்டுத் தெரிந்துகொண்டு தொடங்குவது நல்லது. 5-ஃப்ளூரோயுராசில் என்ற இன்னொரு கிரீமும் உண்டு. எரிச்சல் அதைவிட அதிகம், கர்ப்பிணிகள் தொடவே கூடாது. இமிக்விமாட்டையும் கர்ப்ப காலத்தில் பொதுவாகத் தவிர்ப்பார்கள். கர்ப்பத்தில் பருக்கள் பெருத்து, பிரசவத்துக்குப் பின் தாமாகச் சுருங்குவது உண்டு. ஊடுருவல் இல்லை என்று உறுதியானால் காத்திருக்கலாம்.

மருந்துக் கடையில் ‘இடுக்கில் அரிக்குது’ என்று கேட்டால் கையில் திணிக்கப்படும் கிரீம் பெரும்பாலும் ஸ்டீராய்டு, பூஞ்சை மருந்து, ஆன்டிபயாடிக் மூன்றும் கலந்தது. இந்த நோயில் அதைவிட மோசமான யோசனை கிடையாது. ஸ்டீராய்டு அரிப்பை அமுக்கும், கூடவே அந்த இடத்தின் எதிர்ப்புச் சக்தியையும் அமுக்கும். பரு பரவ இடம் கொடுக்கும். எருக்கம்பால், சுண்ணாம்பு, குதிரைவால் முடி எல்லாம் கை மருவுக்கே தேவையில்லாத வேலை. இந்தத் தோலில் அவை ஆழமான புண்ணாகும், பிறகு பயாப்ஸியில் எதையும் படிக்க முடியாது.

எப்போது சாது அல்ல

ஊடுருவும் புற்றுநோயாக மாறுவது 100 பேரில் ஒருவர் முதல் மூவர் வரை என்பது தோல்நோய்ப் புத்தகங்கள் தரும் கணக்கு. அது இளம் வயது, நல்ல எதிர்ப்புச் சக்தி, சிறு சிறு பருக்கள் என்று இருப்பவர்களுக்கானது. பெண்களுக்குப் படர்ந்த தடிப்பாக இருந்தாலோ, எச்.ஐ.வி இருந்தாலோ, உறுப்பு மாற்று சிகிச்சை செய்திருந்தாலோ அந்தக் கணக்கை நம்பிச் சும்மா இருக்கக்கூடாது. ஒரு பரு மட்டும் கெட்டிப்பட்டு வளர்ந்தால், ஆறாத புண்ணானால், தொட்டால் ரத்தம் கசிந்தால், தொடை இடுக்கில் நெறி கட்டினால் மறுபடி பயாப்ஸி. மற்றபடி முதல் ஓரிரு ஆண்டுகள் 3 முதல் 6 மாதத்துக்கு ஒருமுறையும், பிறகு ஆண்டுக்கு ஒருமுறையும் காட்டிக்கொள்வது வழக்கம்.

வெளியே தெரியும் இந்தப் பருக்களைவிடக் கவலைப்பட வேண்டிய இடம் கருப்பை வாய். அங்கேயும் இதே 16ஆம் வகைதான் குடியேறும்; அங்கே அது சாதுவாக இருப்பதில்லை. ஆகவே போவனாய்டு என்று தெரிந்த பெண்ணுக்கு எச்.பி.வி பரிசோதனை அல்லது பாப் ஸ்மியர் (கருப்பை வாயின் செல்களைச் சுரண்டி எடுத்துப் பார்ப்பது), தேவைப்பட்டால் கால்போஸ்கோப்பி (கருப்பை வாயைக் கருவியால் பெரிதாக்கிப் பார்ப்பது). கூடவே யோனியையும் ஆசனவாயையும் பார்க்க வேண்டும். ஆணுக்கு வந்திருந்தால், அவருடைய துணைக்குக் கருப்பை வாய்ப் பரிசோதனை. தமிழ்நாட்டு அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் 30 வயதைத் தாண்டிய பெண்களுக்கு வி.ஐ.ஏ பரிசோதனை (கருப்பை வாயில் அசிட்டிக் அமிலம் தடவிக் கண்ணால் பார்ப்பது) இலவசம். ஆனால் கணவருக்கு இந்த நோய் என்று தெரிந்த பிறகு அதோடு நிறுத்தாமல், விவரம் சொல்லி மகப்பேறு மருத்துவரைக் கேட்பது மேல். ஆணின் கிரீம் சீட்டில் மனைவியின் பரிசோதனையையும் எழுதிக் கொடுக்காத மருத்துவர் பாதி வேலைதான் செய்திருக்கிறார். இருவருமே எச்.ஐ.வி, சிபிலிஸ் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும், எச்.ஐ.விக்கு அரசு மருத்துவமனைகளில் நம்பிக்கை மையம் இருக்கிறது.

அடுத்து வீட்டில் எழும் கேள்வி: யாரிடமிருந்து வந்தது? இதற்கு எந்த டெஸ்ட்டும் பதில் சொல்லாது. வைரஸ் வந்து மாதங்கள் கழித்தும் வரும், ஆண்டுகள் கழித்தும் பரு வரும். பத்தாண்டு பழைய தொற்றாகவும் இருக்கலாம். பரு வந்த தேதியை வைத்துத் துணை மீது சந்தேகப்படுவதற்கு மருத்துவத்தில் எந்த ஆதாரமும் இல்லை. ஆணுறை ஆபத்தைக் குறைக்கும், முழுதாகத் தடுக்காது. அது மூடாத தோலிலும் வைரஸ் இருக்கும்.

தடுப்பூசி ஏற்கெனவே வந்த பருவைக் குணமாக்காது. இன்னும் தொற்றாத வகைகளை மட்டும் தடுக்கும், அதனால் சிறு வயதிலேயே போடுவதில்தான் முழுப் பயன். இந்தியாவில் சீரம் இன்ஸ்டிடியூட் தயாரித்து 2023இல் சந்தைக்கு வந்த செர்வாவாக் 6, 11, 16, 18 ஆகிய நான்கு வகைகளுக்கு எதிரானது. 9 முதல் 26 வயது வரை ஆண், பெண் இருவருக்கும் போடலாம். 9 முதல் 14 வயதுக்குள் என்றால் 6 மாத இடைவெளியில் 2 ஊசி, 15 வயது முதல் என்றால் 3 ஊசி. இலங்கையில் 2017 முதல் பள்ளி மாணவிகளுக்குத் தேசியத் தடுப்பூசி அட்டவணையிலேயே எச்.பி.வி ஊசி இருக்கிறது.

கடைசியாக ஒரு காரியம். பயாப்ஸி அறிக்கையின் தாளை மட்டும் பத்திரப்படுத்தினால் போதாது. ஆய்வகத்தில் உங்கள் துணுக்கை மெழுகில் பதித்த ‘பிளாக்’ இருக்கும். ஊர் மாறினாலோ இரண்டாவது கருத்து கேட்டாலோ, புதிய மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான். பி16 சாயமும் அதிலிருந்தே போடலாம், மறுபடி வெட்ட வேண்டியதில்லை. அறிக்கையின் மேல்மூலையில் உள்ள எண்ணைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.